மேல்நாடும் கீழ்நாடும்

மேல்நாடு என்று சொன்னவுடன் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வருகிறது? அமெரிக்கா, லண்டன், ஜெர்மனி! "அங்கே கரண்டே போகாதாம், குழாயைத் திறந்தா வெந்நீரே வருமாம்" என்று கல்யாண வீட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் பேசிக் கொள்கிறோம். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மட்டும் இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கல்வராயன் மலை மேல் வாழும் ஜனங்கள், கீழே இருக்கிற எங்களைக் "கீழ்நாட்டுக்காரங்க" என்பார்கள். அப்படியானால் அவர்கள் இருப்பது மேல்நாடுதானே!

ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், ஒரே ரேஷன் கார்டு. ஆனாலும் இரண்டு நாடு. இந்த இரண்டு நாட்டிலும் பெண்களும் குழந்தைகளும் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தால், சிங்கப்பூரையும் இந்தியாவையும் ஒப்பிடுவதைவிட நமக்கு அதிகம் விஷயம் கிடைக்கும் என்று தோன்றியது. எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் ஒரு வேன் பேசிக் கொண்டு வெள்ளிமலை வரை போய் வந்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது?

நாடுகளை ஒப்பிட ஒரு படி வேண்டுமே, அது என்ன படி? முன்பெல்லாம் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று மட்டும் பார்ப்பார்களாம். பணம் ஒன்றே வாழ்க்கை இல்லை என்று 1990-ல் ஐக்கிய நாடுகள் சபை வேறு ஒரு கணக்கைக் கொண்டு வந்தது. பாகிஸ்தான்காரரான மஹ்பூப் உல் ஹக் என்ற பொருளாதார நிபுணர், நம் அமர்த்தியா சென்னின் ஒத்தாசையோடு உருவாக்கிய கணக்கு அது. மனிதர்கள் எத்தனை வருஷம் ஆரோக்கியமாக வாழ்கிறார்கள், பிள்ளைகள் எத்தனை வருஷம் படிக்கிறார்கள், கௌரவமாகக் குடும்பம் நடத்த வருமானம் இருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2025-ல் வெளியான அறிக்கையில் 193 நாடுகள் இருந்தன. சிங்கப்பூருக்கு 13-வது இடம். இந்தியாவுக்கு 130-வது இடம். ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம்! ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குள் எவ்வளவு கஷ்டம் அடங்கியிருக்கிறது! நம்மைவிடச் சின்ன நாடான இலங்கை, இத்தனை வருஷச் சண்டைக்கும் பஞ்சத்துக்கும் பிறகும் 89-வது இடத்தில் இருக்கிறது. தாய்சேய் நலத்திலும் பள்ளிக்கூடத்திலும் அவர்கள் பல வருஷங்களுக்கு முன்பே கவனம் செலுத்தியதுதான் காரணம்.

ஆயுசு, படிப்பு, வருமானம். இந்த மூன்றையும் மனசில் முடிந்து கொண்டு மலைக்குப் புறப்பட்டோம்.

கீழ்நாடு

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி ஒரு காலத்தில் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டத்தோடு போனது. 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டம் ஆயிற்று. சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே பெரிய ரோட்டில் இருப்பதால் ராத்திரி ரெண்டு மணிக்கும் பஸ் கிடைக்கும். கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி என்று சுற்றிலும் விவசாயம். கச்சிராயப்பாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். எங்கள் ஊர் மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூஜை அறைக்குச் சாமி மண்டபம் வேண்டுமென்று வெளியூர்க்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

தனி மாவட்டமானதில் பெண்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் ஆஸ்பத்திரிதான். பிரசவத்தில் சிக்கல் என்றால் முன்பு முண்டியம்பாக்கம், சேலம், இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர் என்று ஓட வேண்டும். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சிறுவங்கூரில் அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்க்கும்போது பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் ஒரு நிம்மதி வரும்.

ஆக, கீழ்நாட்டில் சௌகரியத்துக்குக் குறைவில்லை. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், தெருவுக்கு நாலு மருந்துக் கடை. மருந்துக் கடை நாலு இருப்பது நல்லதா கெட்டதா என்று பிறகு சொல்கிறேன்.

மலைப் பாதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வரை சமதளம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோமுகி அணை. அணையைத் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்களுக்குக் கொண்டாட்டம், வயிற்றைப் புரட்டுகிறவர்களுக்குத் திண்டாட்டம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கை விட்டு எடுக்கவேயில்லை!

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுமார் 2000 அடியிலிருந்து 4000 அடி உயரம் வரை இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் போல நடுக்கும் குளிர் இல்லை. உடம்புக்கு இதமான குளிர்ச்சி. கரியாலூரில் படகுத் துறையும் குழந்தைகள் விளையாட இடமும் இருக்கின்றன. ரோட்டோரத்திலேயே பெரியார் அருவியும் உண்டு. மழைக் காலம் முடிந்த கையோடு போனால் நல்ல தண்ணீர் விழும். அதற்கும் மேலே வெள்ளிமலை. கல்வராயன் மலைத் தாலுகாவுக்கு அதுதான் தலைநகரம். தாலுகா ஆபீஸ், கடைத்தெரு, பஸ் நிற்கும் இடம் என்று சின்ன ஊர்.

இந்த மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது நம் தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் தங்கியதாகவும், தாங்கள் அவர்கள் வம்சம் என்றும் சொல்லிக் கொள்கிறார்கள். பல ஊர்களைச் சேர்த்து ஒரு "நாடு" என்று வகுத்து, அதற்குப் பெரியவர்களை வைத்து வழக்குப் பேசித் தீர்ப்பது பழைய வழக்கம்.

இன்னொரு சரித்திரமும் உண்டு. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் பரம்பரையின் கையில் இந்த மலை வெகுகாலம் இருந்தது. கீழே 1947-ல் சுதந்திரக் கொடி ஏற்றிய பிறகும் மேலே ஜாகீர் வழக்கம்தான். ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்ய வேண்டும். 1960-களிலும் 70-களிலும்தான் அந்தப் பிடி விலகியது. நமக்கும் அவர்களுக்கும் ஓட்டப் பந்தயம் வைத்தால், அவர்கள் இருபது முப்பது வருஷம் தாமதமாகப் புறப்பட்டவர்கள். ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஆயுசுக் கணக்கு

ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்தில் வேன் போக வழியில்லாததால் நடந்து போனோம். தாழ்வாரம் தாழ்ந்த மண் வீடு ஒன்றின் வாசலில் ஒரு ஆயா கடுக்காய் காய வைத்துக் கொண்டிருந்தார்.

"கீழ்நாட்டிலிருந்தா வரீங்க? உக்காருங்கம்மா" என்று பாய் எடுத்துப் போட்டார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஆயா?" என்று கேட்டோம்.

"பெத்தது எட்டு. இருக்கிறது அஞ்சு" என்றார், கடுக்காயைக் கிளறிக் கொண்டே. காய்ச்சல் வந்த குழந்தையைத் துணித் தொட்டில் கட்டி, ஆம்பளைகள் தோளில் தூக்கிக் கொண்டு மலை இறங்கியதையும், பாதி வழியிலேயே திரும்பி வந்ததையும் சொன்னார். அழவில்லை. எங்களுக்குத்தான் தொண்டை அடைத்தது.

அவருடைய பேத்தி உள்ளேயிருந்து மோர் கொண்டு வந்து கொடுத்தாள். ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். "எனக்கு ஆஸ்பத்திரியில்தான் ஆச்சு அக்கா. வலி வர்றதுக்கு முன்னாடியே நர்ஸ் அம்மா வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்க" என்றாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே நாட்டில் என்ன மாறியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. மலைப் பகுதிகளில் கர்ப்பிணிகள் பிரசவ தேதிக்குச் சில நாள் முன்பே வந்து தங்கிக் கொள்ளக் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தினார்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதி உதவி கொடுக்கிறார்கள். 2018-20 கணக்குப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54. பக்கத்துக் கேரளத்தில் 19. நாம் நன்றாகத்தான் செய்கிறோம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட நன்றாகச் செய்து காட்டியிருக்கிறார்!

இந்த 54-ல் யார் யார் இருப்பார்கள்? பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வர நேரமானவர்கள், ரத்தம் குறைந்தவர்கள். பிள்ளைப்பேற்றில் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் நிமிஷக் கணக்குத்தான். சிறுவங்கூரில் எவ்வளவு பெரிய டாக்டர் இருந்தாலும், உள்கிராமத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்க ரோடு இல்லையென்றால் அந்தத் தாய்க்கு அவர் சிங்கப்பூரில் இருப்பதும் சிறுவங்கூரில் இருப்பதும் ஒன்றுதான்.

அங்கே நின்றபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. வாழ்க்கைத் தரம் என்று பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அது உண்மையில் தூரம்தான். தண்ணீர் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ஒரு வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று எண்ணுவதைவிட, இந்த மூன்று தூரத்தையும் அளந்து பார்த்தால் அந்த நாட்டின் தரம் தெரிந்துவிடும்.

படிப்புக் கணக்கு

மலையில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே காடும் ஓடையும் இருப்பதால், தினமும் போய் வருகிற பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்து வராது. அதனால் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் நடத்துகிறது. அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டுப் படிக்கலாம். வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் இருக்கிறது. ரெட்டைச் சடையில் ரிப்பன் கட்டிய பெண் குழந்தைகள் வரிசையாகத் தட்டு கழுவிக் கொண்டிருந்ததைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

ஆனால் பெற்றோர் வேலைக்காக வெளியூர் போகும்போது கஷ்டம் ஆரம்பிக்கிறது. மலையில் வருஷம் முழுக்க வேலை கிடையாது. கேரளத்துக்கு மிளகு பறிக்க, குடகுக்குக் காப்பித் தோட்டத்துக்கு என்று குடும்பமாகக் கிளம்புகிறார்கள். கைக்குழந்தை கூடவே போகும். பெரிய பெண் தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்ள வீட்டோடு நின்றுவிடும். அப்படி நின்ற பெண்ணுக்கு அடுத்தது கல்யாணப் பேச்சுத்தான். 18 வயசுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம். கீழ்நாட்டிலும் இந்தக் குற்றம் நடக்காமல் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் படிக்கிற பெண் படித்துக் கொண்டே இருக்கும், கல்யாணம் தானாகத் தள்ளிப் போகும்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. மோர் கொடுத்த பெண்ணின் தங்கை அந்தப் பணத்தில்தான் கள்ளக்குறிச்சியில் பஸ்ஸுக்கும் புஸ்தகத்துக்கும் சமாளித்துக் காலேஜ் படிக்கிறாளாம். "எங்க வீட்ல முதல் காலேஜ் இவதான் அக்கா" என்று சொல்லும்போது அக்காக்காரி முகத்தில் எத்தனை பெருமை!

அடுப்பங்கரைக் கணக்கு

இனி நம் இலாகாவுக்கு வருவோம். மலையில் விளைவது சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி. மொச்சை, அவரை, பூசணி. காட்டில் தேன், புளி, கடுக்காய், சீயக்காய். அந்தக் காலத்துச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும்தான். இப்போது ரேஷன் அரிசி வந்த பிறகு மேல்நாட்டிலும் மூன்று வேளையும் அரிசி பழகி வருகிறது. கீழ்நாட்டில் நாமோ டாக்டர் சொன்னார் என்று பாக்கெட்டில் அடைத்த சாமையை அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். விளைவிக்கிறவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட, விட்டவர்கள் தேடி வாங்க, நல்ல கூத்து!

இங்கேதான் நாலு மருந்துக் கடை விஷயம் வருகிறது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு உடல் எடை அதிகம். அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. எடையும் அதிகம், ரத்தமும் கம்மி! தட்டு நிறையச் சாப்பிடுகிறோம், சத்தாகச் சாப்பிடவில்லை என்றுதானே அர்த்தம்? வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் மீதியை நின்றுகொண்டே சாப்பிடும் வழக்கம் மேல்நாட்டிலும் இருக்கிறது, கீழ்நாட்டிலும் இருக்கிறது.

100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அது மிகவும் சொற்பம். சாமையில் நார்ச்சத்து அதிகம். இந்தியா கேட்டுக் கொண்டதன் பேரில் 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையே கொண்டாடியது. ஆயா வீட்டுச் சாமைச் சோறு செய்முறை இதோ. ஒரு பங்கு சாமையை இரண்டு முறை கழுவிக் கல் அரித்து, பத்து நிமிஷம் ஊற வையுங்கள். இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதித்ததும் சாமையைப் போட்டு உப்பிட்டு, தண்ணீர் சுண்டியதும் அடுப்பைத் தணித்து மூடி வையுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் குழைந்துவிடும். மொச்சைக் குழம்போ முருங்கைக்கீரைப் பொரியலோ சேர்ந்தால் நல்ல பொருத்தம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக் கொள்ளாமல் அது தடுத்துவிடும். கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். மலையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கடுக்காய்ப் பொடி வாங்குகிறவர்கள் கவனிக்க: கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடக் கூடாது.

பெண்ணுக்கு மதிப்பு

ஒரு விஷயத்தில் மேல்நாடு நம்மைவிட ஒரு படி மேல்தான். மலையாளிகள் வழக்கப்படி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்க வேண்டும். பெண் பிறந்துவிட்டதே என்று தலையில் கை வைத்து உட்காருகிற பேச்சு இல்லை. புருஷனை இழந்தவள் மறுபடி கல்யாணம் செய்து கொள்ளலாம். ஒத்து வராவிட்டால் பெரியவர்கள் முன்னிலையில் பிரிந்து போகலாம். அதற்காக யாரும் மூலையில் உட்கார வைக்க மாட்டார்கள். நாம் மேடை போட்டுப் பேசுகிற சீர்திருத்தம் அங்கே சத்தமில்லாமல் வெகுகாலமாக நடந்து வந்திருக்கிறது.

"அப்ப உங்க ஊர்ல வரதட்சணையே கிடையாதா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"இருந்ததில்ல. இப்ப படிச்சு வேலைக்குப் போற பையனுங்க வந்துட்டானுங்கல்ல, வண்டி குடு, நகை குடுன்னு ஆரம்பிக்கிறாங்க. உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டாங்க" என்றார் ஆயா. சிரித்துக் கொண்டேதான் சொன்னார். எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. ரோடும் ஆஸ்பத்திரியும் மேலே போய்ச் சேர வேண்டும், சரி. அதற்கு முன்னால் இது போய்ச் சேர்ந்துவிட்டதே!

வருமானக் கணக்கு

மலைக்கும் கீழுக்கும் பொதுவான ஒரு துக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்து போனார்கள். பெண்களும் அதில் உண்டு. தாய் தகப்பன் இருவரையுமே இழந்த குழந்தைகளும் உண்டு. கருணாபுரம் கீழ்நாடு. பஸ் ஸ்டாண்டு, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடம். நல்லது மட்டும் இல்லை, கெட்டதும் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே உதாரணம்.

கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சுவதும் பிடிபடுவதும் பல வருஷக் கதை. ஊறலை அழித்தார்கள் என்று பேப்பரில் படிக்கிறோம். அதை அழித்த பிறகு அந்தக் குடும்பம் எதை வைத்து அடுப்பு மூட்டும் என்று யோசிப்பதில்லை. வேலை இல்லாத மலையில் ஆண்களை ஆசை காட்டிச் செம்மரம் வெட்ட ஆந்திராவுக்குக் கூட்டிப் போகிற தரகர்களும் இருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது நாடே அறிந்தது. மரம் யாருக்கோ போகிறது. ஜெயிலும் சாவும் மலைக் குடும்பத்துக்கு வருகிறது. புருஷன் ஜெயிலில் இருக்கும்போது குழந்தைகளை வளர்த்து ஆளாக்குவது யார்? பெண்தான்.

கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு, 2024-லேயே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக் கொண்டது. ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்டது. நாங்கள் மண் வாசலில் உட்கார்ந்து பேசிய அதே தூரங்களைத்தான் நீதிபதிகளும் கேட்டிருக்கிறார்கள்.

வருமானத்துக்கு வழி இல்லாமலும் இல்லை. காட்டில் தலைமுறையாகப் பயிர் செய்கிறவர்களுக்கும் தேன், கடுக்காய் சேகரிக்கிறவர்களுக்கும் 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டம் உரிமை கொடுக்கிறது. நிலம் தன் பெயரில் இருந்தால் குடகுக்குப் போக வேண்டிய அவசியம் குறையும். கடுக்காயையும் சாமையையும் இடைத்தரகர் இல்லாமல் பெண்கள் குழுவே சுத்தம் செய்து விற்றால் காசு வீட்டுக்கு வரும். வாங்கப் போகும் நாமும் பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைக்காமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

எந்த நாடு உசத்தி?

திரும்பும்போது வேனில் இதே விவாதம்தான். "நல்ல காத்து, நல்ல சாப்பாடு, வரதட்சணை இல்ல. நான் இங்கேயே இருந்துடுவேன்" என்றார் ஒருவர். "அர்த்த ராத்திரியில பிள்ளைக்கு வலிப்பு வந்தா என்ன பண்ணுவே?" என்று இன்னொருவர் கேட்டதும் வேனில் சத்தம் அடங்கிவிட்டது.

ஒரு நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு மலை சொர்க்கம். அங்கேயே பிள்ளை பெற்று வளர்க்கிறவளுக்கு மருந்து பக்கத்தில் வேண்டும், பள்ளிக்கூடம் பக்கத்தில் வேண்டும். கீழே இருக்கிற நமக்கு அவை பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் நல்ல சாப்பாடும், நடையும், பெண்ணைப் பாரமாக நினைக்காத மனசும் தூரமாகிவிட்டன. மேல்நாட்டுக்கு வேண்டியதை அரசாங்கம் கொண்டு போக முடியும். கீழ்நாடு இழந்ததை எந்த அரசாங்கமும் கொண்டு வந்து கொடுக்காது. அதை நம் வீட்டுக்குள்தான் ஆரம்பிக்க வேண்டும்.

போய் வர விரும்புகிறவர்களுக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் உண்டு. கைக்குழந்தை இருந்தால் வேன் அல்லது கார் நல்லது. அக்டோபர் முதல் ஜனவரி வரை அருவிகளில் தண்ணீர் இருக்கும். பலத்த மழை நாளில் போக வேண்டாம். கோடை விழா சமயத்தில் கூட்டம் அதிகம். சாப்பாடு கட்டிக் கொண்டு போவது உத்தமம். குடிதண்ணீர், குழந்தைக்குக் கம்பளி, காய்ச்சல் மருந்து, வாந்தி வருகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் மறக்காதீர்கள். பாறை வழுக்கும், அருவியில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் காட்டில் போடாமல் திருப்பிக் கொண்டு வாருங்கள். வீடுகளுக்குள் எட்டிப் பார்த்துப் போட்டோ எடுக்காதீர்கள். நம் வீட்டு அடுப்பங்கரையை யாராவது எடுத்தால் நமக்குப் பிடிக்குமா?

வெள்ளிமலைக் கடைத்தெருவில் சாமை கிடைத்தால் இரண்டு படி வாங்கி வாருங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள்.